காந்தம் ஒட்டாத தொப்பி

தச்சநல்லூர் சுடலைவடிவின் கையில் ஒரு பட்டாளத்து இரும்புத் தொப்பியைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் முகர்ந்து பார்ப்பாள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே முகர்ந்துதான் பார்ப்பாள். பிறகு அதைப் புரட்டி, விளிம்பின் அடிப்பக்கத்தை முந்தானையால் துடைத்து, அங்கே குத்தியிருக்கும் எழுத்தையும் வருடத்தையும் தேடுவாள். உச்சியில் இருக்கும் திருகாணியை நகத்தால் சுரண்டுவாள். கடைசியாக, இடுப்பில் சாவிக்கொத்தோடு தொங்குகிற காந்தத்தை எடுத்து இரும்பின் மேல் வைப்பாள். வெள்ளைக்காரப் பட்டாளத்துத் தொப்பியாக இருந்து காந்தம் ஒட்டிக்கொண்டால் அவள் முகம் சுண்டிவிடும். "இது ஊருக்குள்ள தெருக்காவலுக்குக் குடுத்தது. சண்டைக்குப் போனதில்ல" என்பாள். காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழுந்தால்தான் அது சண்டைக்குப் போன தொப்பி. அந்த இரும்பில் மாங்கனீசு கலந்திருக்கும், அடி தாங்கும்.

அவளுடையது பழைய இரும்புக் கடை. முன்னால் தகரக் கதவு, உள்ளே ஆளுயரத்துக்குத் துருப்பிடித்த குவியல். குவியலுக்குப் பின்னால் சுவரோரமாக நாலு தட்டு அலமாரி, அதில் நாற்பத்து மூன்று தொப்பிகள். சட்டியைக் கவிழ்த்தது போல அகல விளிம்பு வைத்த இங்கிலீஷ் தொப்பி, காதுவரை இறங்கும் ஜெர்மன் தொப்பி, நெற்றியில் நட்சத்திரம் வைத்த ஜப்பான் தொப்பி. தூத்துக்குடிக்குக் கப்பலில் வருகிற கழிவு இரும்போடு வந்தவை சில, பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் வீட்டுப் பரணில் கிடந்தவை சில. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். எந்த நாடு, எந்த வருடம், காந்தம் ஒட்டுமா, கடைசியில் காயம். காயம் என்ற இடத்தில்தான் நிறைய எழுதுவாள். 'இடது நெற்றியில் ஒரு துளை. ஓரம் உள்பக்கமாக மடங்கியிருக்கு. பின்னால் துளை இல்லை. குண்டு உள்ளேயே தங்கிவிட்டது.' அந்தத் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, அன்று மத்தியானம் சோறு வேண்டாம் என்று எழுந்து போனாள்.

ஜப்பான் தொப்பி ஒன்றின் உள்தோலில் கருப்பாக ஒரு திட்டு இருந்தது, அதில் ஒட்டியபடி இரண்டு மயிர். அதை அவள் தேய்த்துக் கழுவவே இல்லை. கடையில் செம்புக் கம்பி உரிக்கிற ஆவுடைத்தாய் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஏக்கா, செத்தவன் மண்டையையெல்லாம் வீட்டுல வச்சுக்கிட்டு எப்படிக்கா தூங்குத?"

"நான் எங்க தூங்குதேன்" என்றாள் சுடலைவடிவு.

ஊர் அவளுக்குத் தொப்பிக்காரி என்று பேர் வைத்தது. புருசன் போனதில் புத்தி பிசகிவிட்டது என்றது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? புத்தியெல்லாம் பிசகவில்லை. அவள் ஒரு தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். தன் கையால் செய்துவிட்டதாக அவளே நம்பிக்கொண்டிருந்த தப்பு.

மூன்று வருடத்துக்கு முந்திய கதை அது. அப்போது கடை அவள் புருசன் கார்த்திகேசன் கையில் இருந்தது. ஒரு மில்லின் பழைய இயந்திரங்களை ஏலம் விட்டபோது அவனுக்கும் பாளையங்கோட்டை தானியேலுக்கும் வாய்த்தகராறு முற்றியது. தானியேலும் இரும்பு வியாபாரிதான், குரல் பெருத்த ஆள். ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, "உன் தலையை எடுக்கலன்னா எம்பேரு தானியேல் இல்லலே" என்று கத்திவிட்டுப் போனான். எங்கள் பக்கத்தில் டீயில் சீனி குறைந்தால்கூடத் தலையை எடுப்பதாகச் சொல்வார்கள், அது வேறு. ஆனால் சொன்னதைச் செய்துவிட்டு வந்து நிற்கிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். சுடலைவடிவு அன்றே புருசன் தலைக்கு ஒரு காவல் தேடினாள்.

கழிவு இரும்போடு வந்த ஒரு சட்டித் தொப்பி அப்போது கடையில் கிடந்தது. விளிம்பில் 1941 என்று குத்தியிருந்தது. "உங்க அப்பா பொறந்த வருசம்" என்று புருசனிடம் காட்டினாள். உச்சித் திருகாணி துருவேறிப் போயிருந்ததால், பழைய பம்பு ஸ்டவ்விலிருந்து ஒரு பித்தளைத் திருகாணியைக் கழற்றி முறுக்கினாள். வார் இற்றுப்போயிருந்தது. மகள் சுகிர்தாவின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ரோஸ் நிற வாரை அறுத்துத் தைத்தாள்.

"இதைப் போட்டுட்டுப் போங்க."

"ஏட்டி, நான் என்ன பட்டாளத்துக்கா போறேன்?"

"தலை இருந்தாத்தான எங்கனயும் போவிய."

அவன் சிரித்தான். ஆனால் போட்டுக்கொண்டான். ரோஸ் வார் கட்டிய இரும்புத் தொப்பியோடு ஒரு ஆண்பிள்ளை பைக்கில் போனால் தெரு சும்மா இருக்குமா? கைகொட்டிச் சிரித்தது. பெண்டாட்டி மனசு நிம்மதியாக இருக்கட்டும் என்று ஒன்பது நாள் அந்தச் சிரிப்பைத் தாங்கினான். அப்படி ஒரு மனுசன்.

பத்தாம் நாள், ஆனி மாதத்து உச்சி வெயிலில், அவனும் தம்பி சங்கரும் முக்கூடலுக்கு பைக்கில் போனார்கள். சங்கர் முக்கூடலிலேயே வீடு கட்டிக் குடியிருந்தவன். அண்ணனுக்காகச் சரக்கு எடுத்துத் தருவது அவன் வேலை. ஆற்றை ஒட்டிய வளைவில் கார்த்திகேசன் வெட்டுப்பட்டுக் கிடந்தான். உச்சியில் ஒன்று, பிடரியில் இரண்டு. சங்கர் முழங்கைக்குக் கீழே சதை தொங்க, ரத்தம் ஒழுக ஓடிவந்து முக்கூடல் கடைத்தெருவில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் சுடலைவடிவைப் பார்த்ததும் சொன்னான்.

"எதிர வந்து வண்டியை மறிச்சான் மதினி, தானியேலு. இறங்க விடல. முத வெட்டு நடு உச்சியில. தொப்பி ரெண்டாப் பொளந்து ஆத்துக்குள்ள போய் விழுந்துச்சு. நான் கையைக் குறுக்க குடுத்தேன். என்னையும் வெட்டிட்டு, அண்ணனைக் குப்புறத் தள்ளி..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

போலீஸ் ஆற்றில் இரண்டு நாள் தேடியது. அணை திறந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நேரம், ஒன்றும் கிடைக்கவில்லை. தானியேலைப் பிடித்தார்கள். 'தலையை எடுக்கிறேன்' என்று அவன் சொன்னதைக் கேட்ட ஐம்பது பேரில் ஆறு பேர் சாட்சி சொல்ல வந்தார்கள். நேரில் பார்த்த சாட்சி சங்கர்.

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது சுடலைவடிவு பார்த்தாள். பார்க்காதே என்றார்கள், கேட்கவில்லை. உச்சி மண்டை தேங்காய்ச் சில்லு போலப் பிளந்து கிடந்தது. அவள் கத்தவில்லை. 'தொப்பி போட்டிருந்தாகளே' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் கட்டியிருந்த வேட்டியை வாங்கி வந்து, ரத்தம் காய்ந்தபடியே மடித்து பீரோவில் வைத்தாள்.

பதினாறாம் நாள் துக்கம் கேட்க பாக்கியசீலன் வந்தார். பட்டாளத்தில் அவில்தாராக இருந்தவர். நல்ல மனுசர்தான், ஆனால் வாயைக் கட்டத் தெரியாது. "காந்தம் வச்சுப் பாத்தியா தாயி?" என்று கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. "காந்தம் ஒட்டாத தொப்பின்னா அருவா வாய்தான் மடங்கும், தொப்பி பொளக்காது. பொளந்துச்சுன்னா அது தெருக்காவல் தொப்பி. அருவாளுக்கு அது வெறும் தகரம்" என்றார். சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பாவி மனுசன், அதை ஏன் சொன்னார்? அன்று தொடங்கியது இது. எடையைக் கையில் தூக்கிப் பார்த்தேனே, கனமாக இருக்கிறது என்று நினைத்தேனே, ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கத் தெரியவில்லையே. தகரத்தைத் தலையில் கவிழ்த்து, பத்திரமாகப் போய்வாங்க என்று அனுப்பினேனே. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, நான் கட்டிய தலைப்பாகை தலையையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டதே. இப்படி நினைத்து நினைத்து, கண்ணில் பட்ட தொப்பியை எல்லாம் வாங்கினாள். நல்லது எது, கெட்டது எது என்று இனி ஒருபோதும் தன் கை தவறக்கூடாது என்று படித்தாள். பாக்கியசீலனிடம் கேட்டாள், சுகிர்தாவின் போனில் படம் படமாகப் பார்த்தாள். மூன்றே வருடத்தில், மதுரையிலிருந்து சேகரிப்புக்காரர்கள் தொப்பியைக் கொண்டு வந்து அவளிடம் காட்டி அடையாளம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள். நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள். அது புருசன் தொப்பிக்கு.

கார்த்திகேசன் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. நாசமாய்ப் போன வழக்கம். பழிவாங்கப் போகிற அருவாளுக்கு இரும்பைத் தேர்ந்தெடுப்பது தாலியறுத்தவள்தான். அடித்து வந்த அருவாளை அவள்தான் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் கொடுக்காமல் ஒருத்தனும் வாசலைத் தாண்டக்கூடாது. ஏறக்குறைய மூன்று வருடம் உள்ளே இருந்துவிட்டு தானியேல் போன மாதம் ஜாமீனில் வந்தான். திங்கட்கிழமைதோறும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. சங்கர் தச்சநல்லூருக்கு நடையாய் நடக்க ஆரம்பித்தான்.

"கோர்ட்டு நமக்கு ஒண்ணும் செய்யாது மதினி. அவன் வெளிய திரியுதான், எங்கண்ணன் சுடுகாட்டுல கிடக்கான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வருவான், அங்கனயே முடிச்சிருதேன்."

முதலில் அவள் மறுத்தாள். சுகிர்தாவுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறதே என்றாள். பிறகு ஒருநாள் கடைத்தெருவில் தானியேல் எலுமிச்சம்பழம் பொறுக்குவதைப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்து நிதானமாகப் பொறுக்கினான். அவளுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. அன்று சாயங்காலமே குவியலிலிருந்து ஒரு லாரி ஸ்பிரிங் பட்டையை உருவி சங்கரிடம் போட்டாள். ஒரு வாரத்தில் அது ஒன்றரை அடி அருவாளாக அவள் கடைக்குத் திரும்பி வந்தது. வருகிற திங்கட்கிழமை காலையில் வந்து அவள் கையால் வாங்கிக்கொள்வதாகச் சங்கர் சொல்லிவிட்டுப் போனான். தானியேலுக்கு மிச்சம் இருந்தது ஐந்து நாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அகமது மீரான் வந்தார். மேலப்பாளையத்துக்காரர். டி.வி.எஸ். வண்டியின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பழைய இரும்புக்குக் குடம் கொடுக்கிறவர். தொப்பி எங்கே கிடைத்தாலும் நேரே சுடலைவடிவிடம்தான் வருவார்.

"அக்கா, ஒங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சேன். கோழிக்குத் தண்ணி வச்ச தொட்டி. ஆனாக்க புரட்டிப் பாருங்க, தொப்பி!"

நீல பெயிண்டு தடிமனாகப் பூசிய ஒரு சட்டி. உள்ளே பாசியும் கோழி எச்சமும். அவள் எப்போதும்போல முகர்ந்தாள், புரட்டினாள், விளிம்பைத் துடைத்தாள். 4 என்ற எண் மட்டும் பெயிண்டுக்குள்ளிருந்து தெரிந்தது. ஆணியால் சுரண்டினாள். 1941. அந்த வருடத்தில் எத்தனையோ ஆயிரம் தொப்பி அடித்திருப்பார்கள், ஏற்கெனவே ஒன்று அலமாரியிலேயே இருக்கிறது. உச்சியைச் சுரண்டினாள். நீலத்துக்கு அடியில் மஞ்சளாகப் பித்தளை பளிச்சென்றது.

பக்கவாட்டு வளையத்தில் விரலளவுக்கு ஏதோ துணி ஒட்டிக்கொண்டிருந்தது. பெயிண்டில் விறைத்திருந்த அதைப் பிரித்தாள். உள்மடிப்பு ரோஸ். அவள் போட்ட தையல்.

காந்தத்தை எடுத்தாள். வைக்கப் பயமாக இருந்தது. மூன்று வருடமாக அவளைத் தின்றுகொண்டிருந்த கேள்வி அது. வைத்தாள். காந்தம் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

"நல்ல தொப்பிதான்" என்றாள். "நல்ல தொப்பியத்தான் குடுத்திருக்கேன்."

அகமது மீரானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னக்கா, ஏன் அழுதிய?"

அவள் ஒரு துணியைப் பெயிண்டு கரைக்கிற தின்னரில் நனைத்து நீலத்தைத் துடைக்கத் தொடங்கினாள். காயத்தைத் தேடினாள். உச்சி, நெற்றி, பிடரி, விளிம்பு முழுக்க. கண்ணால் பார்த்து நம்பாமல் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினாள். உள்பக்கமும் தடவினாள். பிளக்கவில்லை, சரி. ஆனால் ஒரு வெட்டு விழுந்திருந்தால் ஒரு நெளிவாவது, ஒரு கோடாவது இருக்க வேண்டுமே! நாற்பத்து மூன்று தொப்பியில் காயம் படித்த விரல் அது. ஒரு கீறல்கூட இல்லை. இந்தத் தொப்பியை யாரும் வெட்டவே இல்லை.

அப்படியென்றால் வெட்டு விழும்போது இது அவர் தலையில் இல்லை.

"பாய், இதை எங்கன எடுத்திய?"

"முக்கூடல்லக்கா. வாய்க்கால் ஓரமா நீல கேட்டு வீடு. வாசல்ல வண்டிச்சக்கரம் ஒண்ணு சாத்தி வச்சிருக்கும். கோழியெல்லாம் சீக்கு வந்து செத்துப்போச்சாம், அந்தப் பிள்ள தூக்கிக் குடுத்துட்டு ஒரு குடம் வாங்கிக்கிட்டு."

நீல கேட்டு, வண்டிச்சக்கரம். அது அவள் கொழுந்தன் வீடு. கொடுத்தது அவன் பெண்டாட்டி விஜயஸ்ரீ. கல்யாணமாகி வந்து இரண்டு வருடமான பெண், தொப்பிக் கதையைக் கேட்டிருப்பாளே தவிர தொப்பியைப் பார்த்ததில்லை. சுடலைவடிவு போனை எடுத்தாள். கோழி எல்லாம் செத்துப்போச்சாமே என்று பேச்சை ஆரம்பித்து, பைய அந்தத் தொட்டிக்கு வந்தாள்.

"அது நான் வரும்போதே கொல்லையில கிடந்துச்சுக்கா" என்றாள் விஜயஸ்ரீ. "தூரப் போடுங்கன்னா அவுக போட மாட்டாக. கனமா இருக்கே, நல்ல இரும்பும்பாக. நேத்து அவுக இல்லாத நேரமாப் பாத்துத் தள்ளிவிட்டுட்டேன். சொல்லிராதீக."

"சொல்லல தாயி" என்று போனை வைத்தாள்.

அகமது மீரானிடம் எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டு, எந்த வீட்டில், யாரிடம், எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். அவர் வண்டியைக் கிளப்பியபோது அவள் குவியலுக்குப் பின்னால் போய்விட்டிருந்தாள். ஆவுடைத்தாய்க்கு அங்கிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தாள். சுடலைவடிவு தன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாகச் சங்கர் இவள் கையால் சோறு தின்றிருக்கிறான். சுகிர்தாவின் சடங்கில் தாய்மாமன் இல்லாத குறையை நான் தீர்த்தேன் என்று பெருமை பேசியிருக்கிறான். அந்தச் சாப்பாட்டை நினைத்து அவளுக்கு வாந்தி வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் கடைக் கதவைத் திறக்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் ஆவுடைத்தாயை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சங்கர் வந்தான். தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, அடர்நிறச் சட்டை போட்டிருந்தான். ரத்தம் தெரியாத நிறம். ஆவுடைத்தாய் கம்பியை வைத்துவிட்டு வெளியே போனாள். கதவடியில் போனோடு நிற்க வேண்டும், உள்ளே இரும்புச் சத்தம் கேட்டதும் போலீசுக்குப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு.

"குடுங்க மதினி. நேரமாச்சு."

"இரு. போற காரியம் பெருசு." அலமாரியில் இருந்த, காந்தம் ஒட்டாத இன்னொரு 1941 தொப்பியை எடுத்தாள். "இதைப் போட்டுட்டுப் போ."

அவன் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு சிரித்தான். "நான் என்ன பட்டாளத்துக்கா போறேன்?"

அண்ணன் சொன்ன அதே வார்த்தை. அதை அவன் வாயில் கேட்டதும் அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச இரக்கமும் போய்விட்டது. அவளே அவன் தலையில் தொப்பியைக் கவிழ்த்தாள், தாடைக்கு அடியில் வாரை இறுக்கினாள். மண்டியிட்டு வாங்குவதுதான் வழக்கம். அவன் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினான். சாக்குக்குள்ளிருந்து அருவாளை உருவினாள், இரண்டு கையாலும் ஓங்கி அவன் நடு உச்சியில் இறக்கினாள்.

டங்கென்ற சத்தம் ரயில்வே கேட்டு வரைக்கும் போயிருக்கும். சங்கர் முகம் குப்புற விழுந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம். எழ முயன்றவனை மறுபடி ஒரு வெட்டு. தீப்பொறி பறந்தது. அருவாளின் வாயில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது.

"பொளந்துச்சாலே?" என்றாள். மூன்றாவது வெட்டு. "பொளந்துச்சா? தடவிப் பாத்துச் சொல்லு. ரெண்டாப் பொளந்துச்சா?"

அவன் ஊர்ந்து குவியலோடு ஒட்டிக்கொண்டான். மூக்கிலிருந்தும் ரத்தம் வந்தது. "மதினி, மதினி" என்று அலறினான். அவள் காலால் ஒரு சட்டியை உருட்டி அவன் முன்னால் தள்ளினாள். பாதி நீலம், பாதி இரும்பு, உச்சியில் பித்தளை. பார்த்ததும் அவன் அலறல் நின்றுபோயிற்று. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் மூன்று வருடம் ஓட்டிவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏம்லே?" என்றாள். அருவாள் ஓங்கியபடியே இருந்தது.

"கோயில் மணி" என்றான். வாயிலிருந்து ரத்தமும் சொல்லும் சேர்ந்து வந்தன. "களவு மணிய நான் உடைச்சு வித்தது அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு. மறுநா போலீசுக்குக் கூட்டிட்டுப் போறேன், நீயே ஒத்துக்கோன்னான். எவ்வளவோ கெஞ்சினேன். தானியேல் அப்படிப் பேசினது நெனப்பு வந்துச்சு. யாரும் என்னை நினைக்க மாட்டாவன்னு..."

"உன் கையில இருக்க வெட்டு?"

"நானேதான்."

"இதை ஏன் ஆத்துல எறியல?"

"எறியத்தான் எடுத்தேன்." அவன் அழ ஆரம்பித்தான். "கை வரல மதினி. புதர்ல ஒளிச்சு வச்சுட்டு, பொறவு வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். நல்ல இரும்பு."

கேட்டீர்களா? அண்ணனை வெட்டக் கை வந்தது, இரும்பை எறியக் கை வரவில்லை. பழைய இரும்புக்காரன் புத்தி! ஆணி கிடந்தால்கூடக் குனிந்து பொறுக்குகிற ஜாதி நாங்கள். வேறு எவனாக இருந்தாலும் அதை அன்றைக்கே தாமிரபரணியில் போட்டிருப்பான், இன்று பத்தரைக்கு தானியேல் செத்திருப்பான்.

அவள் ஒரு கேள்வியைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதைக் கேட்கவே அவளுக்குப் பயம்.

"அவுக தலையில இருந்து இதை எப்படிலே கழத்தின?"

சங்கர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வெயிலு மண்டையைப் பொளக்குதுண்ணேன்னு சொன்னேன். உடனே வண்டிய நிப்பாட்டினான். கழட்டி என் தலையில வச்சான். வாரைக்கூட அவனேதான் மாட்டிவிட்டான், மதினி."

சுடலைவடிவு ஓங்கிய கையோடு அப்படியே நின்றாள். பிறகு ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது, வெளியே நின்ற ஆவுடைத்தாய் அது மாடு கத்துகிற சத்தம் என்று நினைத்தாள். அண்ணன் கொடுத்த தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த அண்ணனின் வெறுந்தலையில் இவன் வெட்டியிருக்கிறான். அவள் குனிந்தாள். அவன் தாடைக்கு அடியில் கையை விட்டு வாரை அவிழ்த்தாள். தொப்பியைக் கழற்றித் தூரப் போட்டாள். வியர்வையில் நனைந்த முடி, வகிடு, நடு உச்சி. அவள் வலது கையில் அருவாள் இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கால்சட்டை நனைந்தது.

எத்தனை நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. அருவாள் பிடித்த கை மேலே போயிற்று. அந்தக் கை இறங்கப் போகிறது என்று அவளுக்கே தெரிந்தது. சட்டென்று அருவாளைத் தூக்கிக் குவியலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, தொப்பியை எடுத்து வந்து மறுபடி அவன் தலையில் கவிழ்த்து, கழுத்து நெரிய வாரை இறுக்கினாள்.

"போலீஸ் வார வரைக்கும் இதைக் கழத்தாத" என்றாள். மூச்சு வாங்கியது. "கழத்தினேன்னா என்னால என் கையைப் புடிச்சுக்கிட முடியாது. கேட்டியா? கழத்தாத."

சங்கர் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போலீஸ் வந்தது. கோழித்தொட்டி சாட்சிப்பொருள் என்றும், அதில் ஒரு கீறல் விழுந்தாலும் கேஸ் போச்சு என்றும் அவள்தான் அவர்களுக்குச் சொன்னாள். அகமது மீரான் எழுதிக் கொடுத்த தாளையும் பீரோவில் இருந்த வேட்டியையும் சேர்த்துக் கொடுத்தாள். ஏட்டு எழுத, அவள் சொல்லச் சொல்ல அடையாளம் பதிவானது. இங்கிலீஷ் தொப்பி. வருடம் 1941. காந்தம் ஒட்டாது. உச்சியில் பித்தளைத் திருகாணி.

"காயம் ஏதும்?" என்று ஏட்டு கேட்டார்.

"இல்ல" என்றாள் அவள். அப்போதுதான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சப் இன்ஸ்பெக்டர் சங்கரிடம் தலையில் இருப்பதைக் கழற்றச் சொன்னார். அவன் கழற்றவில்லை. அதட்டினார், அப்போதும் கழற்றவில்லை, இரண்டு கையாலும் இன்னும் இறுக்கிக்கொண்டான். அப்படியே ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்று நெளிவு விழுந்த தொப்பியோடு அவனை ஸ்டேஷனுக்குள் கூட்டிக்கொண்டு போனபோது மணி பத்தே முக்கால். மேசைக்கு முன்னால் தானியேல் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தான். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, தலையில் என்னத்தைக் கவிழ்த்துக்கொண்டு வருகிறான் இவன் என்று ஒரு தரம் பார்த்தான். பிறகு, வெளியே வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நடந்தான்.